கடும் பத்தியம் இல்லாத எடைக் குறைப்பு

கடும் பத்தியம் இல்லாத எடைக் குறைப்பு என்பது வழக்கமான உணவை அடியோடு விலக்காமல், உண்ணும் அளவிலும் அன்றாட உடலுழைப்பிலும் நெடுங்காலம் கடைப்பிடிக்கக் கூடிய சிறு மாற்றங்களைச் செய்து உடல் எடையை மெல்லக் குறைக்கும் முறை ஆகும். பட்டினி கிடத்தல், ஒரே வகை உணவை உண்ணுதல் முதலிய விரைவு முறைகளிலிருந்து இது வேறுபட்டது.

மிகை எடையின் அளவு

கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறைச் சுட்டெண் கிடைக்கும். உலக அளவில் இது 25ஐ எட்டினால் மிகை எடை எனப்படுகிறது. தெற்காசியருக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும் தோன்றுவதால், 2009இல் வெளியான இந்திய மருத்துவர்களின் பரிந்துரை 23ஐ மிகை எடை என்றும், 25ஐ உடற்பருமன் என்றும் வரையறுத்தது. 165 செ.மீ. உயரமும் 66 கி.கி. எடையும் உள்ளவரின் சுட்டெண் ஏறத்தாழ 24.2, உலக அளவுகோலில் இயல்பானவரான இவர், இந்திய அளவுகோலில் மிகை எடை கொண்டவர். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்னும் வரம்பைத் தாண்டலாகாது.

கடும் பத்தியம் நிலைக்காமை

உணவு திடீரெனக் குறையும்போது உடல் தன் ஆற்றல் செலவைச் சுருக்கிக் கொள்கிறது; பசியும் கூடுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் மிக விரைவாக எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்து 2016இல் முடிவுகள் வெளியிடப்பட்டன. பெரும்பாலோர் இழந்த எடையில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றிருந்தனர். ஆயினும் ஓய்வு நிலையில் அவர்கள் உடல் செலவிட்ட ஆற்றல், எதிர்பார்க்கப்பட்டதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கிலோகலோரி குறைவாகவே இருந்தது.

சிறு மாற்றத்தின் கணக்கு

நாளொன்றுக்கு மூன்று தேநீர் அருந்துபவர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையைத் தவிர்த்தால் ஏறத்தாழ 100 கிலோகலோரி குறையும். ஒரு கிலோ கொழுப்புக்கு 7700 கிலோகலோரி என்னும் பழைய கணக்கின்படி இது ஆண்டுக்கு 4.7 கி.கி.; பத்து ஆண்டுகளில் 47 கி.கி.! எவருக்கும் அவ்வாறு குறைவதில்லை. எடை குறையக் குறைய உடலின் தேவையும் குறைவதே காரணம். 2011இல் கெவின் ஹால் குழுவினர் வெளியிட்ட கணித மாதிரியின்படி, இம்மாற்றத்தால் இறுதியில் குறைவது ஏறத்தாழ 4 கி.கி. அதில் பாதி முதல் ஆண்டிலும், எஞ்சியதில் பெரும்பகுதி அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் குறையும். எடை ஓரிடத்தில் நின்றுவிடுவது தோல்வி அன்று, இயற்பியல்.

சென்னை ஆய்வு

இம்முறையின் பயனைத் தராசு மட்டுமே காட்டுவதில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. அ. இராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடைபெற்று 2006இல் முடிவுகள் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவுக்கு முந்தைய நிலையிலிருந்த 531 பேர் பங்கேற்றனர். வாழ்க்கைமுறைக் குழுவினருக்குக் கூறப்பட்டவை எளியவை: சர்க்கரையைத் தவிர்த்தல், தீட்டிய தானியங்களையும் கொழுப்பையும் குறைத்தல், நார்ச்சத்தைக் கூட்டுதல், நாள்தோறும் 30 நிமிட விரைவு நடை. ஏற்கெனவே உடலுழைப்புத் தொழில் செய்வோர் அதைத் தொடர்ந்தால் போதும் எனப்பட்டது.

மூன்று ஆண்டுகளில் அறிவுரை பெறாத குழுவில் 55 விழுக்காட்டினருக்கும், வாழ்க்கைமுறைக் குழுவில் 39.3 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு தோன்றியது. ஆனால் வாழ்க்கைமுறைக் குழுவின் சராசரி எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. தராசு முள் அசையாததைக் கண்டு நடையைக் கைவிடுவோர் அறிய வேண்டிய முடிவு இது.

உழைப்பும் உணவும்

கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அத்தகைய தொழிற்கூடத்தில் களிமண் பிசைந்து அச்சுகளைச் சுமப்பவருக்கும், கணக்கெழுதுபவருக்கும் ஒரே அளவு சோறு பொருந்தாது. களிமண் பிசையும் வேலையை இயந்திரம் ஏற்கும்போது உழைப்பு குறைகிறது. தட்டில் விழும் சோறு மட்டும் பழைய அளவிலேயே இருந்துவிடுகிறது. சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து, காய்கறி, சுண்டல், பருப்பு ஆகியவற்றைக் கூட்டினால் பசி தெரியாது.

இதே ஊரின் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. என்னும் பெயரில் நிலக்கடலை வகைகளை வெளியிட்டுள்ளது. நிலக்கடலை 100 கிராமில் ஏறத்தாழ 570 கிலோகலோரி உள்ளது. 30 நிமிட விரைவு நடை கூடுதலாகச் செலவிடுவது ஏறத்தாழ 120 கிலோகலோரி, அதாவது ஒரு பிடிக் கடலை. இதனால் கடலை ஒதுக்கத்தக்கது ஆகாது. புரதமும் நார்ச்சத்தும் கொண்ட அது, முறுக்குக்கு மாற்றாக உண்ணத்தக்கது. முறுக்குடன் சேர்த்து உண்பதே சிக்கல்.

கவனிக்க வேண்டியவை

இன்சுலின் போன்ற மருந்துகளைப் பயன்படுத்துவோர் உணவைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அளவு மீறித் தாழக்கூடும் என்பதால் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். கருவுற்றோருக்கு எடைக் குறைப்பு உகந்ததன்று. எம்முயற்சியும் இன்றி எடை குறைந்து வந்தால் அது நீரிழிவு, காசநோய், தைராய்டு மிகைச் சுரப்பு முதலியவற்றின் அறிகுறியாக இருக்கலாம்.