உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்... சொன்னது யார்?

திரையின் வலது கீழ் மூலையில் சின்னதாக ஒரு பெட்டி முளைக்கிறது. ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன. பாதுகாப்புச் சந்தா இன்றோடு முடிகிறது. உடனே புதுப்பிக்கவும்.’ பக்கத்திலேயே பெயர்பெற்ற ஒரு ஆன்டி வைரஸின் சின்னம். மூடினால் சற்று நேரத்தில் இன்னொன்று வந்து நிற்கிறது. அதே வாரத்தில் இணையதளங்களும் மெதுவாகத்தான் திறக்கின்றன. மின்கட்டணம் கட்டப் போனால் பக்கம் பாதி வந்து, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பவர் வேறு என்ன நினைப்பார்? வைரஸ் புகுந்துவிட்டது, அதனால்தான் கணினி படுத்துவிட்டது என்றுதான் நினைப்பார். அப்படி அவர் நினைக்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் பெட்டி வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

ஓர் இணையப் பக்கத்தால் கணினியை ஸ்கேன் செய்ய முடியாது. இந்த ஒரு உண்மை தெரிந்தால் பாதி பயம் அங்கேயே போய்விடும். பிரவுசர், தான் திறக்கும் பக்கங்களைக் கணினியில் உள்ள கோப்புகளிலிருந்து பிரித்தே வைத்திருக்கிறது. பயன்படுத்துபவர் தானே தேர்ந்தெடுத்துக் கொடுக்காத எந்தக் கோப்பையும் ஒரு பக்கம் திறந்து பார்க்க வழியில்லை. அந்தப் பக்கத்துக்குத் தெரிந்ததெல்லாம் எந்த பிரவுசர், விண்டோஸா ஆண்ட்ராய்டா, ஐ.பி. முகவரி எது, அதை வைத்து ஏறக்குறைய எந்த ஊர், எந்த நிறுவனத்தின் இணைப்பு போன்றவை மட்டும்தான். இவற்றை எடுத்துத் திரையில் பெரிதாகப் போட்டு, ‘உங்களைப் பற்றி எங்களுக்கு எல்லாம் தெரியும்’ என்ற தோற்றத்தை உண்டாக்குகிறார்கள். 12, 47, 83 என்று ஏறிக்கொண்டே போகும் ஸ்கேன் சதவீதம் வெறும் அனிமேஷன். எந்தக் கணினியில் திறந்தாலும் அது 100 வரை போகும், அதே ‘5 வைரஸ்கள்’ கிடைக்கும்.

சரி, பிரவுசரில் எந்தப் பக்கமும் திறந்திருக்காதபோதும் அந்தப் பெட்டி வருகிறதே, அது எப்படி?

அதற்குக் காரணம், முன்பு எப்போதோ அழுத்திய ஒரு ‘அலோ’ பட்டன். 2015 ஏப்ரலில் வெளியான குரோம் 42-ஆம் பதிப்பில், இணையதளங்கள் மூடியிருக்கும்போதும் பயனருக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்பும் வசதி வந்தது. அடுத்த ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸும் அதைக் கொண்டுவந்தது. செய்தித் தளம் முக்கியச் செய்தியைச் சொல்லலாம், மின்னஞ்சல் வந்தால் தெரியப்படுத்தலாம் என்ற நல்ல நோக்கத்தில் பிறந்த வசதி. அனுமதி கொடுத்ததும், அந்தத் தளத்தின் சிறிய நிரல் ஒன்று பிரவுசரில் பதிந்துகொள்கிறது. தளத்தை மூடிய பிறகும் அதனால் செய்தி காட்ட முடியும். மோசடிக் கும்பல்கள் இந்த வழியைப் பிடித்துக்கொண்டன. புதுப்படத்தைத் திருட்டுத்தனமாகக் காட்டும் தளம், விடுபட்ட சீரியல் எபிசோடைத் தருவதாகச் சொல்லும் தளம், நாவலை பி.டி.எஃப். ஆக இலவசமாகத் தரும் தளம் போன்றவற்றில் ஏதேனும் ஒன்றில், ‘நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய அலோ அழுத்துங்கள்’ என்று ஒரு வரி வரும். வீடியோ ஓடினால் போதும் என்ற அவசரத்தில் கை அழுத்திவிடும். வீடியோ ஓடுகிறதோ இல்லையோ, அனுமதி போய்விட்டது. சில நாட்கள் கழித்து எச்சரிக்கைகள் வரத் தொடங்கும்போது அந்தத் தளத்தின் பெயர்கூட யாருக்கும் நினைவிருக்காது.

ஆன்டி வைரஸ் வைத்துத் தேடினால் எதுவும் அகப்படாது. அகப்பட அங்கே வைரஸே இல்லை, பிரவுசரின் அமைப்புகளில் ஒரு தளத்துக்குக் கொடுத்த அனுமதி மட்டும்தான் இருக்கிறது. இந்த இடத்தில்தான் பலர் இன்னொரு சிக்கலில் மாட்டுகிறார்கள். ஒரு ஆன்டி வைரஸ் கண்டுபிடிக்கவில்லை என்று இரண்டாவதை நிறுவுகிறார்கள், அதற்கு மேல் ‘கணினியை வேகமாக்கும்’ கிளீனர் ஒன்றையும் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு கோப்பையும் இரண்டு காவல் மென்பொருள்கள் போட்டிபோட்டுச் சோதிக்கத் தொடங்கினால், 4 ஜி.பி. ராம் உள்ள பழைய மடிக்கணினி தாங்காது. அதுவரை இணைப்பில் மட்டும் இருந்த மந்தம், இப்போது கணினிக்கே வந்துவிடுகிறது. பயத்தில் செய்த வைத்தியமே நோயைக் கொண்டுவருகிறது. விண்டோஸோடு சேர்ந்தே வரும் டிஃபெண்டர், சாதாரண வீட்டு உபயோகத்துக்குப் போதுமானது.

அனுமதியைத் திரும்பப் பெறுவதுதான் தீர்வு. குரோமில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகள், அதில் செட்டிங்ஸ், பிறகு பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று உள்ளே போக வேண்டும். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். அர்த்தமில்லாத எழுத்துகளைக் கோத்த பெயர்கள் அதில் தென்பட்டால் நீக்கிவிடலாம். எந்தத் தளமும் இனி அனுமதி கேட்கவே கூடாது என்று அதே பக்கத்தில் முடிவாகச் சொல்லிவைக்கவும் முடியும். செல்போனில் இன்னும் எளிது. வந்திருக்கும் எச்சரிக்கையை அழுத்திப் பிடித்தால் அதை அனுப்பிய தளத்தை அடையாளம் கண்டு, அங்கேயே நிறுத்திவிடலாம். பல வீடுகளில் ‘வைரஸ்’ இதோடு ஒழிந்துவிடும்.

முழுத்திரையை ஆக்கிரமிக்கும் எச்சரிக்கை வேறு வகை. விளம்பரத்தையோ தேடல் முடிவையோ தொட்டதும் திரை முழுக்க நீலம் அல்லது சிவப்பு. சைரன் ஒலிக்கிறது. ‘கணினியை அணைக்காதீர்கள், உங்கள் வங்கித் தகவல்கள் திருடப்படுகின்றன’ என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொல்கிறது. மவுஸ் அம்புக்குறி மறைந்துவிடுகிறது, மூடும் பொத்தானும் தென்படவில்லை. நடுவில் ஒரு தொலைபேசி எண்.

அந்த எண்ணே போதும், இது பொய் என்று தெரிந்துகொள்ள. விண்டோஸின் உண்மையான பிழைச் செய்தி எதிலும் அழைக்கச் சொல்லித் தொலைபேசி எண் இருக்காது. பிரவுசரே காட்டும் உண்மையான எச்சரிக்கையும் உண்டு. ஆபத்தான தளத்துக்குள் நுழையப்போகும்போது சிவப்புப் பக்கம் ஒன்று குறுக்கே நின்று, திரும்பிப் போகச் சொல்லும். அது சத்தம் போடாது, பணம் கேட்காது, யாருக்கும் போன் பண்ணச் சொல்லாது. பொய்யான திரையிலிருந்து வெளியே வர எஸ்கேப் விசையைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். அசையவில்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அதில் பிரவுசரையே முடித்துவிடலாம். மறுபடி திறக்கும்போது ‘பழைய பக்கங்களை மீட்கவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்வது முக்கியம். இவை எதுவும் கைகொடுக்காவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடலாம். அணைத்தால் கணினி கெட்டுவிடும் என்பது அந்தக் குரல் மட்டும் சொல்வது.

எண்ணை அழைத்தவருக்கு என்ன நடக்கும்? எதிர்முனையில் பேசுபவர் மிகப் பணிவாகப் பேசுவார். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார். பிறகு விண்டோஸில் இயல்பாகவே இருக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து காட்டுவார். நல்ல நிலையில் உள்ள கணினியிலும் அங்கே சிவப்பு, மஞ்சள் குறிகள் குவிந்துதான் கிடக்கும். அவை அன்றாடப் பதிவுகள், ஆனால் வைரஸ் தடயங்கள் என்று சொல்லப்படும். கறுப்புத் திரையில் ஒரு கட்டளை கொடுத்து, கணினியின் சாதாரண இணைய இணைப்புகளைப் பட்டியலிட்டு, ‘இவர்களெல்லாம் உங்கள் கணினிக்குள் இருக்கும் ஹேக்கர்கள்’ என்பார்கள். கட்டணம் வாங்கியதோடு விட்டால்கூடப் பரவாயில்லை. சில மாதம் கழித்து, பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று மீண்டும் வருவார்கள். வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்லி, பிரவுசரில் தெரியும் எண்ணை மட்டும் மாற்றிக் காட்டுவார்கள். எந்தப் பக்கத்தின் எழுத்தையும் பிரவுசரிலேயே தற்காலிகமாகத் திருத்த முடியும், வங்கியில் எதுவும் மாறியிருக்காது. ‘தவறி அதிகம் போட்டுவிட்டோம், வித்தியாசத்தை அனுப்புங்கள், இல்லாவிட்டால் என் வேலை போய்விடும்’ என்று அழுவார்கள். பெரியவர்கள் மனம் இரங்கி அனுப்பிவிடுகிறார்கள்.

இது சில்லறை வியாபாரம் இல்லை. போலி ஸ்கேன் காட்டி, பயன் இல்லாத மென்பொருளை 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் விற்ற ஒரு கூட்டத்தின் மீது 2008-ல் அமெரிக்காவில் வழக்கு தொடரப்பட்டது. 2012-ல் வந்த தீர்ப்பில் விதிக்கப்பட்ட தொகை 16.3 கோடி டாலர். அதே நாட்டில் 2023-ல் மட்டும் இத்தகைய ‘டெக் சப்போர்ட்’ மோசடிகளில் 90 கோடி டாலருக்கு மேல் பறிபோனதாகப் புகார்கள் பதிவாயின. இழந்ததில் பெரும்பங்கு 60 வயதைக் கடந்தவர்களுடையது. 2018 இறுதியில் டெல்லியை அடுத்த நொய்டா, குருகிராம் பகுதிகளில் காவல்துறை நடத்திய சோதனைகளில் இத்தகைய போலி கால் சென்டர்கள் வரிசையாகப் பிடிபட்டன. வெளிநாட்டு முதியவர்களை ஏமாற்றப் பழகிய அதே உத்திகளுக்கு, இப்போது நம் வீட்டுப் பெரியவர்களும் இரையாகிறார்கள்.

மெதுவாகத் திறக்கும் இணையதளத்துக்கு வருவோம். பெரும்பாலும் அதற்கும் வைரஸுக்கும் தொடர்பே இருக்காது. முதலில் அதே தளத்தை செல்போனில், வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் திறந்து பார்க்கலாம். அங்கும் திணறினால் கோளாறு தளத்தில் இருக்கிறது. தேர்வு முடிவு வெளியாகும் காலையில் எந்தக் கணினியாலும் அந்தப் பக்கத்தை வேகமாகத் திறக்க முடியாது. போனில் பறக்கிறது, கணினியில் மட்டும் நகரவில்லை என்றால் வைஃபையைப் பார்க்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவரைத் தாண்டும், ஆனால் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் அதிலேயே மோதிக்கொள்ளும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவருக்கு அப்பால் சோர்ந்துவிடும்.

இன்காக்னிட்டோ சாளரத்தில் தளம் சட்டென்று திறந்தால் சந்தேகம் பிரவுசரில் கூடுதலாக நிறுவிய எக்ஸ்டென்ஷன் மேல் விழ வேண்டும், ஏனென்றால் அங்கே அவை இயல்பாக இயங்குவதில்லை. குரோமில் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால், எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு நினைவகத்தைத் தின்கிறது என்பது தெரிந்துவிடும். எக்ஸ்டென்ஷன்களை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பயன்படுத்தாத டேப்களை உறங்கவைத்து பிரவுசரை வேகமாக்கும் ஓர் எக்ஸ்டென்ஷனை உலகெங்கும் சுமார் 20 லட்சம் பேர் வைத்திருந்தார்கள். 2020-ல் அது வேறு ஒருவர் கைக்கு மாறியது. 2021 பிப்ரவரியில், தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லிக் குரோம் கடையிலிருந்தே அது நீக்கப்பட்டது. நிறுவும்போது நல்லதாக இருந்தது எப்போதும் நல்லதாகவே இருக்கும் என்று நம்ப முடியாது.

மந்தத்துக்குப் பின்னால் உண்மையிலேயே விஷமம் இருந்த காலங்களும் உண்டு. 2018 பிப்ரவரியில், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக்காட்டும் ஒரு நிரலுக்குள் யாரோ மாற்றம் செய்தார்கள். அதைப் பயன்படுத்திய 4,000-க்கும் மேற்பட்ட தளங்கள், பார்க்க வந்தவர்களின் கணினியில் சில மணி நேரம் கிரிப்டோ நாணயம் தோண்டின. பிரிட்டனின் அரசுத் தளங்களும் அவற்றில் அடக்கம். அதற்கு முன் 2011 நவம்பரில் பிடிபட்ட எஸ்டோனியக் கும்பல், 100 நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகளில், தளத்தின் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித்தரும் டி.என்.எஸ். அமைப்பை மாற்றி, மக்களைத் தங்கள் விளம்பரங்களுக்குத் திருப்பிவிட்டிருந்தது. அந்த 40 லட்சம் பேரில் பலருக்குத் தங்கள் கணினி பாதிக்கப்பட்டதே தெரியாது.  உண்மையான தீநிரல் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் வேலை செய்யும்.

நோட்டிஃபிகேஷன் வசதியே தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. வேலைக்காக அதை நம்பியிருப்பவர்களும் இருக்கிறார்கள். பிரவுசர் நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. 2020 தொடக்கத்தில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 72, பயனர் பக்கத்தில் ஏதேனும் ஒன்றைத் தொடாதவரை அனுமதி கேட்கும் பெட்டி தானாக முளைக்கக் கூடாது என்று தடுத்தது. அடுத்த மாதமே குரோம் 80 அந்தப் பெட்டியின் உறுத்தலைக் குறைத்தது. ஆனாலும் அனுமதி கொடுக்க ஒரே ஒரு அழுத்து போதும், அதைக் கணினியில் திரும்ப வாங்க ஆறேழு இடங்களில் அழுத்த வேண்டும் என்ற நிலை அப்படியே இருக்கிறது. பேரன் படம் பார்த்துவிட்டுப் போன மடிக்கணினியில் தாத்தா ஓய்வூதியக் கணக்கைப் பார்க்கும் வீடுகளில், இந்த இடைவெளிதான் கவலைக்குரியது. ‘அலோ’ அழுத்தியவர் ஒருவர், பயந்து போன் செய்பவர் இன்னொருவர்.

2024 முதல் இன்னொரு தந்திரமும் பரவுகிறது. ‘ரோபோ இல்லை’ என்று நிரூபிக்க, விண்டோஸ் விசையோடு ஆர், பிறகு கன்ட்ரோலோடு வி, கடைசியாக என்டர் என்று வரிசையாக அழுத்தச் சொல்கிறது ஒரு பெட்டி. அதற்கு முன்பே அந்தப் பக்கம் ஒரு கட்டளையைக் கணினியின் கிளிப்போர்டில் நகலெடுத்து வைத்திருக்கும். மூன்று அழுத்தில் பயனர் தன் கையாலேயே உண்மையான தீநிரலை இறக்கிவிடுகிறார். ரோபோ இல்லை என்று நிரூபிக்க எந்த நேர்மையான தளமும் விண்டோஸ் விசையை அழுத்தச் சொல்லாது.

பணம் போய்விட்டால் முதல் சில மணி நேரம்தான் முக்கியம். இணையத்தைத் துண்டித்து, தொலை இயக்கச் செயலியை நீக்கி, வேறொரு கருவியிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். வங்கிக்குச் சொல்லிவிட்டு, தேசிய இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ உடனே அழைத்தால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுமுன் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. அதன்பின் சில வாரங்களில், ‘நீங்கள் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், சிறு கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்று ஒரு போன் வரலாம். ஏமாந்தவர்களின் பட்டியல் கும்பலுக்குக் கும்பல் கைமாறுவதால் வரும் அழைப்பு அது.