வகுக்காமலே பகா எண்ணை அறியும் வழி

தருமபுரி தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 636701. 2, 3, 5, 7, 11 எதுவும் இதை மீதியின்றி வகுப்பதில்லை. பார்வைக்குப் பகா எண் போலவே இருக்கிறது. 13 ஆல் வகுத்ததும் உண்மை வெளிப்பட்டுவிடும்: 636701 = 13 × 17 × 43 × 67. ஆறு இலக்க எண்ணுக்கு இந்த வழியே போதும். 636701இன் வர்க்கமூலம் 798ஐத் தாண்டாது; அதற்குள் இருக்கும் 139 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் முடிவு தெரிந்துவிடும். ஆனால் இணையத் தகவல்களைக் காக்கும் ஆர்.எஸ்.ஏ. முறைக்குச் சுமார் 300 இலக்கமுள்ள பகா எண்கள் தேவைப்படுகின்றன. அவ்வளவு பெரிய எண்ணை வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்ப்பது உலகின் கணினிகளெல்லாம் ஒன்றுசேர்ந்தாலும் நடக்காத காரியம். ஆயினும் அது பகா எண்தான் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. காரணி இல்லாமை மட்டுமே பகா எண்ணின் அடையாளம் அல்ல. கணக்குகளில் அது நடந்துகொள்ளும் விதமும் அடையாளம் என்பதே இதற்குக் காரணம்.

17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா இப்படி ஓர் அடையாளத்தைக் கண்டார். p என்பது 2ஐவிடப் பெரிய பகா எண்ணானால், 2இன் (p−1)ஆம் அடுக்கை p ஆல் வகுக்க மீதி 1 வரும். இந்தச் சோதனையில் தேறுவதெல்லாம் பகா எண்ணா என்று கேட்டால், இல்லை. 2இன் 10ஆம் அடுக்கு 1024; அதை 341 ஆல் வகுத்தால் மீதி 1. எனவே 340ஆம் அடுக்குக்கும் மீதி 1தான். ஆனால் 341 = 11 × 31. ஏமாறாத அடையாளம் பள்ளியில் படிக்கும் பாஸ்கல் முக்கோணத்தில் இருக்கிறது. அதன் 5ஆம் அடுக்கு வரிசையில் இரு முனைகளிலுள்ள 1களை விட்டால் 5, 10, 10, 5. எல்லாம் 5 ஆல் வகுபடும். 6ஆம் அடுக்கு வரிசையில் 15, 20 இரண்டும் 6 ஆல் வகுபடுவதில்லை. பகா எண்ணின் வரிசை மட்டுமே இந்தச் சோதனையில் முழுமையாகத் தேறும். பெரிய எண்ணுக்கு அந்த வரிசை எழுதி மாளாது என்பதுதான் சிக்கல்.

அந்தச் சிக்கலை 2002இல் தீர்த்தவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. அந்த வரிசையை முழுதாக எழுதாமல், சுருக்கிய வடிவத்தில் வரம்புக்குட்பட்ட எண்ணிக்கையில் சோதித்தாலே பிழையின்றி முடிவு கிடைக்கும் என்று நிறுவினார்கள். இலக்கங்கள் கூடும்போது உழைப்பும் கட்டுக்குள்தான் கூடும். 2006இல் அவர்களுக்குக் கேடல் பரிசு கிடைத்தது. கணினிகள் நடைமுறையில் இவர்களின் முறையைவிட வேகமான மில்லர்-ராபின் சோதனையைத்தானே பயன்படுத்துகின்றன, பிறகு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். மில்லர்-ராபின் சோதனையில் மிகச் சிறிய அளவிலேனும் தவறுக்கு இடமுண்டு. இதில் துளியும் இல்லை. வேகம் கருவியின் தேவை, உறுதி கணிதத்தின் தேவை. பகா எண்ணை நிரூபிக்க எளிய வழி உண்டா என்ற பழைய கேள்விக்கு, உண்டு என்று ஐயமற விடை தந்தது இந்த இந்திய நிரூபணம்தான்.