முகூர்த்த நாளும் செமஸ்டர் தேதியும்

ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்தித்தாளில் அந்தப் படம் வந்துவிடுகிறது. கூரைப்புடவை, நெற்றிச்சுட்டி, கழுத்தில் மாலை, கையில் ஹால் டிக்கெட். தாலி ஏறிய கையோடு தேர்வெழுத வந்த மணமகள். மாப்பிள்ளை கல்லூரி வாசலில் காத்திருப்பார். அவரையும் சேர்த்து ஊரே பாராட்டும். எனக்கு மட்டும் ஒரு கேள்வி தொண்டையில் நிற்கும்: தேர்வு எந்த மாதத்தில் வரும் என்பது கல்லூரியில் சேர்ந்த அன்றே தெரியுமே, பிறகு எப்படி இந்த நாளைக் குறித்தார்கள்?

குறித்தவர்களையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. செமஸ்டர் தேர்வுகள் நவம்பர், டிசம்பரில் ஒருமுறை, ஏப்ரல், மே மாதங்களில் ஒருமுறை. ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்கள் முதல் தேர்வில் மோதும். சித்திரையும் வைகாசியின் முற்பாதியும் இரண்டாவதில் மோதும். பங்குனியில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட். ஆடியிலும் மார்கழியிலும் பேச்சே கிடையாது, புரட்டாசியில் பலர் வைக்கமாட்டார்கள். செமஸ்டர் விடுமுறை சரியாக எப்போது வருகிறது என்று பார்த்தால், மார்கழியில்! ஆக, படிக்கிற பெண்ணுக்கு அதிகம் பொருந்துகிற காலம் வைகாசியின் பிற்பாதியும், ஆனியும், வகுப்பு தொடங்கிச் சூடுபிடிக்காத ஆவணி, தை மாதங்களும்தான். ஜோசியரிடம் போகும்போது ஜாதகத்தோடு கல்லூரியின் அகாடமிக் காலண்டரையும் மடித்து எடுத்துப் போங்கள். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். மண்டபம் கிடைக்கிற தேதிக்கெல்லாம் நாள் பார்த்துக் கொடுத்துப் பழகியவர்தான்.

தேதிக்கு அடுத்தது வருகைப்பதிவு. ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாட்கள், 75 சதவீத வருகை கட்டாயம் என்று வைத்துக்கொண்டால், 68 நாள் வகுப்பில் இருந்தாக வேண்டும். கையிருப்பு 22 நாள். நிச்சயதார்த்தத்துக்கு 2 நாள். காஞ்சிபுரத்தில் பட்டு, நகைக்கடை, ஜாக்கெட் அளவு என்று 4. பத்திரிகை வைக்க 4. நலங்கு தொடங்கி ரிசப்ஷன் வரை 4. மறுவீடு, குலதெய்வம், இரண்டு பக்கத்து விருந்து எல்லாம் சேர்த்து 8. இருந்த 22 தீர்ந்தது. இன்னும் ஒரு காய்ச்சல்கூட வரவில்லை.

75-க்குக் கீழே போனால் எல்லாம் முடிந்ததா? இல்லை. நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 65 முதல் 74 சதவீதம் வரை இருப்பவர்கள், துறைத்தலைவரும் முதல்வரும் பரிந்துரைத்தால், கண்டோனேஷன் கட்டணம் கட்டித் தேர்வெழுதலாம். அதற்கும் கீழே இறங்கினால் அந்த முறை தேர்வு கிடையாது. இன்னும் இறங்கினால் செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டியிருக்கும். எல்லைக்கோடுகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். உங்கள் பாடத்திட்டப் புத்தகத்தின் முன்பக்கங்களில், யாரும் படிக்காத அந்த விதிமுறைப் பகுதியில், அவை அச்சிடப்பட்டிருக்கும்.

இந்த இடத்தில்தான் ஒரு ஆபத்தான குறுக்கு வழி நுழைகிறது. கல்யாண மாதங்களில் தமிழ்நாட்டு மாணவிகளுக்கு மஞ்சள் காமாலை நிறைய வரும்! தெரிந்த டாக்டரிடம் வாங்கிய மருத்துவச் சான்றோடு, மருதாணிக் கையோடு, துறைத்தலைவர் முன் நிற்பார்கள். பொய்யென்று தெரிந்தே ஒரு சான்றைப் பயன்படுத்துவது குற்றம். கொடுத்த டாக்டரும் மாட்டுவார். இதைவிட, பத்திரிகையை இணைத்து, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர இயலாது, விடுபடும் இன்டர்னல் தேர்வை எப்போது எழுதுகிறேன் என்று முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்தோ தேதி முத்திரையோ வாங்கி வைப்பது எவ்வளவோ மேல். கல்யாணத்துக்கென்று விடுப்பு தர வேண்டிய கட்டாயம் பெரும்பாலான கல்லூரிகளுக்கு இல்லை. ஆனால் முன்பே தெரிந்திருந்தால் ஆசிரியர்கள் வழிவிடுவார்கள். பின்னால் தெரிந்தால் விதியைக் காட்டுவார்கள்.

என் தோழியின் மகள் விஷயத்தில் நடந்தது அதுதான். எம்.எஸ்ஸி. மூன்றாவது செமஸ்டரில் கல்யாணம். "அப்புறமாச் சொல்லிக்கலாம் பெரியம்மா, ஹெச்ஓடி ரொம்ப நல்லவங்க" என்றாள் என்னிடம். நல்லவர்தான். ஆனால் வருகைப்பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு நல்லவரால் என்ன செய்ய முடியும்? அரை ஆண்டு போயிற்று. கல்லூரிக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். 'பிரேக் ஆஃப் ஸ்டடி' என்று ஒன்று இருப்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பல பல்கலைக்கழகங்கள், முன்கூட்டி விண்ணப்பித்து அனுமதி பெற்றால், படிப்பைத் தற்காலிகமாக நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர விடுகின்றன. சொல்லாமல் நின்றால் 'டிஸ்கண்டின்யூ' என்று பதிவாகும். இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் ஒரு விண்ணப்பத்தாள்.

கல்விக்கடன் வாங்கியிருந்தால் இந்தத் தூரம் இன்னும் பெரிது. கடன் திருப்பிச் செலுத்தும் தவணை வழக்கமாகப் படிப்புக்காலமும் அதன்பின் ஓராண்டும் முடிந்த பிறகே தொடங்கும். படிப்பை நடுவில் கைவிட்டால் அந்தச் சலுகையும், ஏழைக் குடும்பங்களுக்கு மத்திய அரசு தரும் வட்டி மானியமும் கைநழுவலாம். கடன் பெண்ணின் பெயரில், ஜாமீன் அப்பாவின் கையெழுத்தில். கல்யாணமானதும் அது மாப்பிள்ளை வீட்டுக்கு இடம் மாறிவிடாது. சீர்வரிசைக் கணக்கைப் பைசா சுத்தமாகப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை மட்டும் சபையில் பேசுவதில்லை.

அங்கே பேசுவது வேறு. "படிக்கட்டுங்க, நாங்க என்ன தடையா நிக்கப் போறோம்? எங்க பொண்ணு மாதிரிப் படிக்க வைக்கிறோம்." பெண் பார்க்கும் படலத்தில் காபியோடு வரும் வாக்குறுதி இது. சொல்கிறவர்கள் பொய்யாகச் சொல்வதில்லை, பெரும்பாலும். மூன்று மாதம் கழித்து மாமியாருக்கு முழங்கால் வலி வரும், வீட்டுக்காரருக்கு வெளியூர் மாற்றல் வரும், "இந்த செமஸ்டர் மட்டும் விட்டுடும்மா" என்று பேச்சு வரும். அப்போதுதான் 'படிக்க வைக்கிறோம்' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருந்த அர்த்தம் புரியும். வைக்கிறவர்கள் எடுக்கவும் செய்யலாம்.

சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்துக்கு 2006-இல் வந்த விதிகளில், பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு அவளுடைய உரிமைகளைச் சொல்லும் படிவம் ஒன்று உண்டு. சொல்லாலும் மனத்தாலும் செய்யப்படும் வன்முறை எவை என்று அது பட்டியலிடுகிறது. பள்ளி, கல்லூரி அல்லது வேறு கல்வி நிறுவனத்துக்குப் போகவிடாமல் தடுப்பது அதில் நேரடியாகவே இருக்கிறது. வேலைக்குப் போகவிடாமல் தடுப்பதும் இருக்கிறது. விருப்பமில்லாத நேரத்தில் கல்யாணம் செய்துகொள்ளும்படி வற்புறுத்துவதும் அதே பட்டியலில்தான். அதாவது, இறுதி செமஸ்டரில் "நல்ல வரன், தட்டாதே" என்று கட்டாயப்படுத்தும் பிறந்த வீட்டின் மீதும் இந்தச் சட்டம் பாயலாம். 2025-இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் இந்தூர் அமர்வு, மனைவியைப் படிப்பை நிறுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது மனரீதியான கொடுமை, விவாகரத்துக்குப் போதிய காரணம் என்றே சொல்லிவிட்டது.

எடுத்த எடுப்பில் விவாகரத்து வரை போக யாருக்கும் விருப்பமிருக்காது. போக வேண்டியதும் இல்லை. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் சொல்லலாம். அவர் வழியாகவோ நேரடியாகவோ நீதித்துறை நடுவரிடம் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் பேசலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்ற கவலை வேண்டாம். சட்டப்பணிகள் ஆணையங்கள் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி தருகின்றன. எண் 15100.

நம் அரசின் போக்கே இந்த விஷயத்தில் மாறியிருக்கிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திட்டத்தில் பட்டதாரிப் பெண்ணின் கல்யாணத்துக்கு 50,000 ரூபாயும் தாலிக்குத் தங்கமும் கொடுத்துவந்தார்கள். 2022-இல் அதையே உயர்கல்விக்கான மாதம் 1,000 ரூபாயாக, புதுமைப்பெண் திட்டமாக, மாற்றினார்கள். தாலிக்குப் போன தங்கம் படிப்புக்குத் திரும்பியது. சபையில் உட்காரும் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆய்வு மாணவிகளுக்கு இன்னும் தெளிவான விதி இருக்கிறது, தெரிந்தவர்கள்தான் குறைவு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 பிஎச்.டி. விதிமுறைகளின்படி, திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஊர் மாறும் ஆய்வு மாணவி, மற்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு, தன் ஆய்வுத் தரவுகளைப் புதிய நிறுவனத்துக்குக் கொண்டுபோகலாம். அதுவரை நடந்த ஆய்வுக்குப் பழைய நிறுவனத்துக்கும் வழிகாட்டிக்கும் உரிய அங்கீகாரம் தர வேண்டும். பழைய நிறுவனமோ வழிகாட்டியோ வெளியிலிருந்து பெற்ற நிதியில் நடக்கும் திட்டத்தின் பகுதியாக ஆய்வு இருந்தால் இது பொருந்தாது. மதுரையில் தொடங்கியதைப் புனேயில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை என்பதுதான் சாரம். பெண்களுக்கு வழக்கமான காலவரம்புக்கு மேல் 2 ஆண்டு கூடுதலாகவும், மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பாக மொத்தப் படிப்புக்காலத்தில் ஒருமுறை 240 நாள் வரையிலும் கிடைக்கும். முதுகலை மாணவிகளுக்கும் மகப்பேறு விடுப்பு, வருகைப்பதிவுச் சலுகை ஆகியவற்றுக்கு விதிகள் வகுக்கும்படி மானியக் குழு 2021 டிசம்பரில் பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. உங்கள் பல்கலைக்கழகம் வகுத்ததா என்று கேளுங்கள். "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்கும் அத்தைகளுக்குப் பதில் சொல்ல எந்த விதியும் இல்லை, அதை நீங்களே சமாளிக்க வேண்டும்.

சான்றிதழ்களுக்கு வருவோம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் முதல் டிசி வரை எல்லாம் பட்டுப்புடவைகளோடு புகுந்த வீட்டு பீரோவுக்குள் போய்விடும், சாவி வேறொருவர் இடுப்பில் இருக்கும். போகுமுன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, உங்களுக்கு மட்டும் கடவுச்சொல் தெரிந்த இடத்தில் வையுங்கள். கல்லூரியும் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. கணவர் வீடு திருப்பித் தர மறுத்தால், சீதனத்தையும் பெண்ணுக்கு உரிய பிற உடைமைகளையும் ஒப்படைக்க உத்தரவிடும் அதிகாரம் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் நடுவருக்கு உண்டு.

அவசரப்பட்டு இனிஷியலையும் மாற்றாதீர்கள். கல்யாணமானதும் பெயரையோ தலைப்பெழுத்தையோ மாற்றிக்கொள்ளச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. பட்டச் சான்றில் அப்பாவின் எழுத்து, ஆதாரில் கணவரின் எழுத்து என்று இருந்தால் அடுத்த தேர்வு விண்ணப்பத்திலேயே சிக்கல் தொடங்கும். மருதாணியும் அப்படித்தான். விரல்ரேகை பதியும் தேர்வுகளில் சிவந்த விரல் சிக்கலாகலாம் என்பதால், விரலில் மருதாணி, மை இல்லாமல் வரும்படி வங்கித் தேர்வு அறிவிப்புகளிலேயே எழுதுகிறார்கள். உள்ளங்கை எவ்வளவு சிவந்தாலும் சரி, விரல்நுனியை விட்டுவிடுங்கள். திருமணப் பதிவை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். மேற்படிப்புக்கு வெளிநாடு போகும் எண்ணமிருந்தால் கேட்கப்படக்கூடிய தாள்களில் அதுவும் ஒன்று.

தேர்வுக்காகத் தேதியை மாற்ற நினைத்தால் அடுத்த சண்டை மண்டபத்தோடு. 'அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாது' என்று ரசீதில் அச்சடித்திருப்பார்கள். அச்சடித்ததாலேயே அது இறுதித் தீர்ப்பாகிவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. நீங்கள் விட்ட தேதியில் மண்டபம் வேறொருவருக்குப் போயிருந்தால் மண்டபக்காரர்களுக்கு என்ன இழப்பு? தேதி மாற்றத்தை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேளுங்கள், பதிலைச் சேமியுங்கள். பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால், 2 ஆண்டுக்குள், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் நீதிமன்றக் கட்டணம் கிடையாது. ஆனால் அட்வான்ஸ் கொடுத்ததற்குக் கையெழுத்திட்ட ரசீது வேண்டும். "நம்ம மேனேஜர்தான், ரசீது எதுக்கு" என்று விட்டிருந்தால், நியாயத்தை வைத்துக்கொண்டு நிரூபிக்க முடியாமல் நிற்பீர்கள்.

கடைசியாக வரதட்சணை. பெண் முதுகலை முடித்தால் அதற்கேற்ற மாப்பிள்ளை, அதற்கேற்ற சீர் என்று ஒரு கணக்கு நம் வீடுகளில் ஓடுகிறது. படிப்பை விலையேற்றும் காரணமாக்கிவிட்டோம். 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்குவதும் கொடுப்பதும் குற்றம், குறைந்தபட்சத் தண்டனை வழக்கமாக 5 ஆண்டு. கேட்டாலே 6 மாதம் முதல் 2 ஆண்டு. கொடுத்துவிட்டோமே, புகார் சொன்னால் நாமும் மாட்டுவோமா என்று பெற்றோர் தயங்குவார்கள். பாதிக்கப்பட்டவர் கொடுக்கும் வாக்குமூலத்தை வைத்து அவர்மீதே இந்தச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர முடியாது என்று 7-ஆம் பிரிவு சொல்கிறது. விரும்பிக் கொடுக்கும் அன்பளிப்புகளைப் பட்டியலிட்டு இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும் என்பதற்கு 1985-இலேயே விதி வந்துவிட்டது. மொய் எழுத இரண்டு பேரை மேசை போட்டு உட்கார வைக்கிறோம், நூற்றொரு ரூபாயைக்கூட ஊர் பெயரோடு பதிகிறோம். அந்த நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் காலியாகத்தான் இருக்கும்.