எஞ்சின் ஏன் போனது?

"எஞ்சின் போச்சுண்ணே, மாத்தியாகணும்" என்று மெக்கானிக் சொன்னதுமே பலர் விலை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஓவர்ஹாலுக்கு எவ்வளவு, வெளிநாட்டிலிருந்து வெட்டி வரும் ஹாஃப்-கட் எஞ்சினுக்கு எவ்வளவு, இரண்டில் எது குறைவு? பாஹாவ், ரொம்பின், ஜெலுபு பக்கம் சொந்தமாகச் செம்பனை வைத்திருப்பவர்களும், தோட்டங்களில் குலை ஏற்றும் கண்டிராக்டர்களும் என்னிடம் கேட்பது இதைத்தான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: எஞ்சின் ஏன் போனது? அது தெரியாமல் எந்தப் பக்கம் பணத்தைப் போட்டாலும், பழைய எஞ்சினைக் கொன்றது புதியதையும் கொல்லும். தே ஓ ஒன்று சொல்லிவிட்டு உட்காருங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் மீட்டரை நம்புவதை விடுங்கள். நெடுஞ்சாலையில் மணிக்குச் சராசரி 60 கிலோமீட்டர் ஓடும் வண்டி 1,500 மணி நேரத்தில் 90,000 கிலோமீட்டர் காட்டும். மரங்களுக்கு நடுவே மணிக்கு 15 கிலோமீட்டரில் ஊர்ந்து, நின்று, குலை ஏற்றி, மறுபடி ஊரும் வண்டி அதே 1,500 மணி நேரத்தில் காட்டுவது 22,500தான். எஞ்சினுக்குள்ளே தேய்மானம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்று. தோட்டத்து வண்டிக்கு அதிகமாகவே இருக்கலாம். ஐடிலிங்கில் நிற்கும் டீசல் எஞ்சின் சரியாகச் சூடாவதில்லை. சூடாகாத எஞ்சினில் டீசல் முழுதாக எரியாமல் கரி சேரும், ரிங் ஒட்டிக்கொள்ளும். ஆகவே "ஒன்றரை லட்சம்தானே ஓடியிருக்கு" என்ற பேச்சுக்கு நம் தோட்டங்களில் அர்த்தம் குறைவு.

அடுத்தது செம்மண் தூசி. ஜெராம் பாடாங், கெடிஸ் போன்ற தோட்டங்களின் உள்சாலைகளில் வறண்ட நாளில் ஒரு லாரிக்குப் பின்னால் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தூசியில் மணல் துகள் உண்டு. அது இரும்பைத் தேய்க்கும். ஏர் ஃபில்டர் சரியாக உட்காராமலோ, அதிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாய் ஒரு விரற்கடை கிழிந்தோ இருந்தால், தூசி நேராகச் சிலிண்டருக்குள் போய் ரிங்கையும் சுவரையும் தேய்த்துவிடும். எஞ்சின் போன வண்டியில் நான் முதலில் கழற்றச் சொல்வது அந்தக் குழாயைத்தான். உள்பக்கம் விரலால் தடவுங்கள். சிவப்பாக ஒட்டினால் காரணம் கிடைத்துவிட்டது. அந்தக் குழாயை மாற்றாமல் எந்த எஞ்சினை ஏற்றினாலும் வீண்.

இனி, எஞ்சின் உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப் போல் பொறி வைக்கும் பிளக் இல்லை. காற்றைப் பதினெட்டு மடங்கு அளவுக்கு அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறது. அழுத்தம்தான் அதற்கு உயிர். ஆனால் புகை வந்தாலே அழுத்தம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. கறும்புகை பெரும்பாலும் இன்ஜெக்டர் கோளாறு, அல்லது காற்று போதாமை. நீலப்புகை ஆயில் எரிவது. ரிங் தேய்ந்ததாலும் வரும், டர்போவின் சீல் போனாலும் வரும். டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தால் தெரியக்கூடிய ஒரு விஷயத்துக்காக முழு எஞ்சினையும் கழற்றியவர்கள் இருக்கிறார்கள். காலையில் மட்டும் வரும் வெண்புகை குளோ பிளக்காகவே இருக்கலாம். நாள் முழுக்க நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால், அப்போது கேஸ்கட்டையோ ஹெட்டையோ சந்தேகிக்கலாம். ஆயில் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். தே தாரிக் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த எஞ்சினை அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட ஓட்டக்கூடாது.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய சோதனைகள் உண்டு. குளோ பிளக் துளை வழியாக நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளக்கச் சொல்லுங்கள். நான்கும் ஒரே அளவில் குறைந்திருந்தால் பொதுவான தேய்மானம். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அந்த ஒன்றில்தான் ஏதோ நடந்திருக்கிறது. அதற்கு அடுத்தது, பல பட்டறைகளில் கேட்டால்தான் செய்வார்கள்: பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, சிலிண்டருக்குள் கம்ப்ரஸர் காற்றை விட்டு, எங்கே சீறுகிறது என்று காது கொடுத்துக் கேட்பது. ஆயில் ஊற்றும் மூடி வழியாகச் சீறினால் ரிங். சைலன்சர் பக்கம் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. காற்று உள்ளே வரும் குழாயில் கேட்டால் இன்லெட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் கேஸ்கட் அல்லது ஹெட்டில் விரிசல். இதில் வால்வும் கேஸ்கட்டும் மட்டும் என்றால் டாப் ஓவர்ஹாலே போதும். பிளாக்கைத் தொட வேண்டியதே இல்லை. பாதி நாள் வேலையில் பல ஆயிரம் வெள்ளி மிச்சமாகக்கூடிய இந்தச் சோதனையைப் பலர் தாமாகச் செய்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

காமன் ரயில் டீசல் வண்டி என்றால் இன்ஜெக்டரைத் தனியாகப் பார்க்க வேண்டும். நான்கு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனிப் புட்டியில் பிடித்து ஒப்பிட்டாலே எது கெட்டது என்று தெரியும். 2005 வாக்கில் வந்த ஹைலக்ஸில் இருக்கும் 2கேடி எஞ்சின், அதன் அண்ணனான 3.0 லிட்டர் 1கேடி, இரண்டுக்கும் தெரிந்த ஒரு நோய் உண்டு. இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர் கசியத் தொடங்கினால், எரிந்த வாயு மேலே வந்து ஆயிலோடு சேர்ந்து கரியாகக் கெட்டிப்படும். அந்தக் கரி கீழே இறங்கி, ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையை அடைக்கும். ஆயில் நிறைய இருந்தும் மேலே ஏறாது. பேரிங் கத்தும், கிராங்க் போகும். உரிய நேரத்தில் வாஷரை மாற்றி, ஆயில் சம்ப்பை இறக்கி வலையைக் கழுவியிருந்தால் அந்த எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பழைய டிரைட்டனின் 4டி56 எஞ்சினுக்கு வேறு கதை: டைமிங் பெல்ட்டைக் காலத்தில் மாற்றாமல் விட்டு அது அறுந்தால், வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். சுமையோடு புக்கிட் பூத்துஸ் மேட்டில் ஏறும்போது சூடு முள் ஏறியும் நிறுத்தாமல் ஓட்டினால் ஹெட் விரிசல் விடும். இவை எல்லாம் எஞ்சினின் வயதால் வந்த சாவு அல்ல.

டீசலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 முதல் நம் வண்டிகளில் ஊற்றும் டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து வந்தது. நாம் ஏற்றி அனுப்பிய குலையே நம் டேங்க்கிற்குத் திரும்பி வருகிறது என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் செம்பனை கலந்த டீசல் சாதாரண டீசலைவிட ஈரத்தை அதிகம் இழுக்கும். வாரக்கணக்கில் சும்மா நிற்கும் வண்டியில் ஃபில்டருக்கு அடியில் சேரும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். இன்ஜெக்டருக்குத் தண்ணீர் ஆகாது.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்ததுதான் என்று தெரிந்துவிட்டது. இப்போதும் எஞ்சினை விட்டுவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு. அது ஒரு வகை உப்பு. உரமூட்டை ஏற்றிய பிக்கப்பின் தொட்டியையும் சேசிஸையும் அது சத்தமில்லாமல் தின்னும். ஸ்க்ரூ டிரைவரால் சேசிஸ் சட்டத்தைத் தட்டுங்கள். துரு செதில் செதிலாக உதிர்ந்தால், ஸ்பிரிங் பிடிக்கும் இடங்களில் இரும்பு மெலிந்திருந்தால், அந்த வண்டிக்கு எந்த எஞ்சினும் வேண்டாம். இருக்கிற நிலையில் விற்றுவிட்டு, அந்தப் பணத்தோடு ஓவர்ஹால் பணத்தையும் சேர்த்து வேறு வண்டி பாருங்கள். கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் சத்தத்தையும் இதே நேரத்தில் கேட்டுவிடலாம்.

சேசிஸ் உறுதியாக இருந்தால் என் சாய்வு ஓவர்ஹால் பக்கம்தான், காரணத்தோடு. உங்கள் எஞ்சினின் கதை உங்களுக்குத் தெரியும்: எப்போது ஆயில் மாற்றினீர்கள், எப்போது சூடேறியது, எது ஏன் போனது. வெளிநாட்டிலிருந்து வெட்டி வந்த ஹாஃப்-கட் எஞ்சினின் கதை யாருக்கும் தெரியாது. மேலே கழுவிப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். உள்ளே எத்தனை மணி நேரம் ஓடியது என்று கடைத் தவுக்கேவுக்கே தெரியாது. இன்னொன்று, 2கேடி வேன்களிலும் வந்த எஞ்சின். வேனிலிருந்து எடுத்ததாக இருந்தால் ஆயில் சம்ப், மவுண்டிங், வயரிங் ஆகியவை உங்கள் பிக்கப்புக்குப் பொருந்துமா என்று வாங்குவதற்கு முன்பே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பத்திர வேலையும் இருக்கிறது. பிளாக்கில் அடித்திருக்கும் எஞ்சின் நம்பரும் கிரான் எனும் வண்டிப் பதிவுப் பத்திரத்தில் இருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓவர்ஹாலில் அதே பிளாக் என்பதால் தொல்லை இல்லை. எஞ்சினை மாற்றினால் ரசீதும், இறக்குமதியானதற்கான சுங்கப் பத்திரமும் கேட்டு வாங்கி, வண்டியைச் சோதனைக்கு விட்டு, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் நம்பரை மாற்றி, இன்சூரன்ஸுக்கும் தெரிவிக்க வேண்டும். தோட்டத்துக்குள்ளேதானே ஓடுகிறது என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். ஆலைக்குப் போகிற வழியில் பொதுச் சாலையைத் தொடாத வண்டி எது? விபத்து என்று வந்துவிட்டால் அந்த ஒரு நம்பர் போதும் உங்களைச் சிக்கவைக்க.

எப்போது மாற்றுவது சரி? பிளாக்கில் விரிசல், கிராங்க் அரைக்க முடியாத அளவுக்குக் கெட்டது, கனெக்டிங் ராட் உடைந்து பிளாக்கைத் துளைத்தது. அப்போது ஓவர்ஹாலில் பிடிவாதம் கூடாது. ஓடவிட்டுக் காட்டி, கம்ப்ரஷன் அளந்து காட்டி, எழுத்தில் வாரண்டி தரும் கடையில் வாங்குங்கள்.

ஓவர்ஹால் என்றால் அரைகுறை வேண்டாம். சிலிண்டரை அளக்காமல் ரிங்கை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். எஞ்சினியரிங் கடையில் ஒவ்வொரு சிலிண்டரையும் மேலும் கீழும், குறுக்கும் நெடுக்குமாக அளந்து, அந்த அளவைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எல்லை தாண்டியிருந்தால் போர் செய்து பெரிய பிஸ்டன், அல்லது லைனர். ஹெட் சமமாக இருக்கிறதா, விரிசல் இல்லையா என்ற சோதனையும் அங்கேயே. ஆயில் பம்ப், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், குழாய்கள் எல்லாம் புதிது. ரேடியேட்டரைத் திறந்து சுத்தம் செய்யாமல் எஞ்சினை ஏற்றக் கூடாது.

வேலைக்கு நாள் குறிப்பதிலும் பணம் இருக்கிறது. எஞ்சின் மாற்றுவது சில நாள் வேலை. ஓவர்ஹால் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை குலை வெட்டுகிறோம். வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயின் தரம் இறங்கும். ஆகவே வண்டி பட்டறையில் நிற்கும் காலத்தில் ஒன்றிரண்டு சுற்றுக்கு வாடகை லாரி பிடிக்க வேண்டிவரும். அந்த வாடகையையும் ஓவர்ஹால் செலவில் சேர்த்தால்தான் கணக்குச் சரி. பொதுவாக ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை காய்ப்பு அதிகம், பிப்ரவரியை ஒட்டிக் குறைவு. எஞ்சின் முனகிக்கொண்டாவது ஓடுகிறது என்றால், சீனப் பெருநாள் விடுமுறை முடிந்து எஞ்சினியரிங் கடைகள் திறந்ததும் கொடுப்பது நல்லது.

டீசல் செலவையும் மறக்க வேண்டாம். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது. அதன்பின் ஏறி இறங்கி வருகிறது. மாதம் 200 லிட்டர் ஊற்றுபவருக்கு அன்று கூடியது 240 வெள்ளி. அரசாங்கத்தின் புடி மடானி உதவி அப்போது தகுதி உள்ளவர்களுக்கு மாதம் 200 வெள்ளியாக இருந்தது. கம்ப்ரஷன் விழுந்த எஞ்சின் அதே வேலைக்குக் கூடுதலாகக் குடிக்கும். "இன்னும் ஆறு மாசம் இழுத்துடலாம்" என்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

வண்டி திரும்பி வந்ததும் முதல் ஆயிரம் கிலோமீட்டர் கவனம் தேவை. முழுச் சுமை வேண்டாம். அதற்காக ஐடிலிங்கில் போட்டு உறுமவிடவும் வேண்டாம், ரிங் சிலிண்டரோடு படியாது. அரைச் சுமையில், வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள். சில நூறு கிலோமீட்டரிலேயே முதல் ஆயிலை மாற்றி, கழற்றிய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். கொஞ்சம் மென்மையான இரும்புப் பொடி இருப்பது இயல்பு. செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ கண்ணுக்குத் தெரியும் துகள் மின்னினால் பேரிங் தேய்கிறது. வண்டியை அங்கேயே நிறுத்தி, அந்த ஃபில்டரை ஒரு பையில் போட்டு, வாரண்டிக் கடிதத்தோடு பட்டறைக்கு எடுத்துப் போங்கள்.