ஒரு இன்ஜின் போனா பாதி சக்திதான் போகுமா?

இரண்டு இன்ஜின் உள்ள குட்டி ஜெட். ஒண்ணு நடுவானில் நின்னு போச்சு. எவ்வளவு சக்தி போச்சுன்னு கேட்டா, "இதென்ன கேள்வி, பாதி" என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். த்ரஸ்ட் பாதி குறையும், அது சரி. ஆனா விமானத்தை மேலே ஏற்றுவது மொத்த த்ரஸ்ட் இல்லை. இழுவிசையை (டிராக்) சமாளிச்சது போக மிச்சம் இருக்கிற த்ரஸ்ட்தான்.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். ஒவ்வொரு இன்ஜினும் 100 அலகு த்ரஸ்ட் தருது, டிராக் 70 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஓடும்போது மிச்சம் 130. ஒண்ணு நின்னா மிச்சம் 30. ஏறும் திறன்ல கிட்டத்தட்ட 77 சதவீதம் காலி! இதுல, விமானத்தை நேரா வைக்க ரட்டரைத் திருப்பினதால கூடுற டிராக்கை நாம சேர்க்கவே இல்லை. அதனாலதான் சட்டமும் இதில் கறாரா இருக்கு. அமெரிக்க விதி பகுதி 25-ன் கீழ் சான்று பெறும் இரட்டை இன்ஜின் ஜெட், ஒரு இன்ஜின் போய், சக்கரம் உள்ளே மடங்கிய நிலையில், குறைந்தது 2.4 சதவீத சரிவில் ஏறியாகணும். அதாவது ஒரு கிலோமீட்டர் முன்னே போனா 24 மீட்டர் உயரம். கேட்க ரொம்ப கம்மியா இருக்கும், ஆனா அந்த 24 மீட்டர்தான் உயிர்.

ஓடுபாதையில்: ஒரே ஒரு எண்

டேக்-ஆஃபுக்கு முன்னாடியே பைலட் வி1 என்ற வேகத்தைக் கணக்குப் பண்ணி வைத்திருப்பார். எடை, ரன்வே நீளம், வெப்பநிலை எல்லாம் அதில் அடக்கம். வி1-க்கு முன்னாடி இன்ஜின் போனா நிறுத்தணும். தாண்டிய பிறகு போனா, மீதி ரன்வேயில் நிற்க முடியாது, ஏறித்தான் ஆகணும். முடிவை அந்த நொடியில் யோசிப்பதில்லை, தரையில் உட்கார்ந்து யோசித்து வைத்ததை அப்போ செய்கிறார், அவ்வளவுதான்.

ஏறிய பிறகு: முதல்ல ஓட்டு

ஒரு பக்கம் மட்டும் த்ரஸ்ட் இருந்தா மூக்கு செத்த இன்ஜின் பக்கம் திரும்பும். முதல் வருஷ மெக்கானிக்ஸ்ல படிச்ச மொமெண்ட்தான் இது: விசை × தூரம். சிட்டேஷன் மஸ்டாங், ஃபீனம் 100 மாதிரி குட்டி ஜெட்களில் இன்ஜின் இறக்கையில் தொங்காது, வால் பக்கம் உடலோடு ஒட்டி இருக்கும். நடுக்கோட்டிலிருந்து தூரம் கம்மி, அதனால திருப்பமும் கம்மி. எதிர்ப்பக்க ரட்டரை மிதித்து மூக்கை நேராக்கணும். இடது இன்ஜின் போனா வலது கால் வேலை செய்யும், இடது கால் சும்மா இருக்கும். "சும்மா இருக்கிற கால் பக்கம்தான் செத்த இன்ஜின்" என்பது பைலட்களின் பழைய சூத்திரம்.

அடுத்து வி2 வேகத்தைப் பிடிச்சு, சக்கரத்தை மடக்கி, ஏறணும். குறைந்தது 400 அடி உயரம் வரும்வரை இன்ஜின் சுவிட்ச் எதையும் தொடுவதில்லை என்பது பொதுவான பழக்கம். அவசரப்பட்டு கை வைப்பதைவிட, ஓடுகிற இன்ஜினை வைத்து ஏறுவதுதான் அப்போ முக்கியம்.

உயரத்தில்: இறங்கு, ஆனா வேகத்தை விடாதே

மேலே காற்று மெலிசு, இன்ஜின் தரும் த்ரஸ்டும் கம்மி. இரண்டு இன்ஜின் சேர்ந்து தாங்கிய உயரத்தை ஒண்ணு தாங்காது. உயரத்தைப் பிடித்து வைக்கப் பார்த்தா வேகம் விழும், கடைசியில் ஸ்டால் ஆகும். அதனால உள்ள இன்ஜினுக்கு தொடர்ந்து தரக்கூடிய அதிகபட்ச த்ரஸ்ட் கொடுத்து, வேகத்தைக் காப்பாத்தி, மெதுவா இறங்குவார்கள். இதுக்கு டிரிஃப்ட்-டவுன் என்று பேர்.

நின்ற இன்ஜினைத் திரும்பக் கிளப்பலாமா? அது ஏன் நின்னதுன்னு பொறுத்தது. உள்ளே தீ மட்டும் அணைஞ்சிருந்தா (ஃப்ளேம்-அவுட்), செக்லிஸ்ட் சொல்ற உயரத்திலும் வேகத்திலும் முயற்சி பண்ணலாம். பிளேடு உடைஞ்சிருந்தாலோ, தீ எச்சரிக்கை வந்திருந்தாலோ அதைத் தொடவே கூடாது. எரிபொருளை அடைச்சு மூடணும்.

எந்த இன்ஜின்?

மேலே சொன்ன எல்லாத்தையும்விட ஆபத்தான இடம் இதுதான். 1989 ஜனவரி 8. லண்டன் ஹீத்ரோவிலிருந்து பெல்ஃபாஸ்ட் போன பிரிட்டிஷ் மிட்லேண்ட் போயிங் 737-400. இது குட்டி ஜெட் இல்லை, ஆனா பாடம் எல்லா ஜெட்டுக்கும் ஒண்ணுதான். 28,000 அடியைத் தாண்டி ஏறும்போது இடது இன்ஜினில் விசிறி பிளேடு ஒண்ணு உடைந்தது. பயங்கர அதிர்வு, புகை. பைலட்கள் மூடியது வலது இன்ஜினை.

ஏன் அது தப்புன்னு அவர்களுக்குத் தெரியலை? வலது இன்ஜினைக் குறைத்த அதே நேரம் ஆட்டோ-த்ராட்டிலும் விடுபட்டதால் இடது இன்ஜினின் தடுமாற்றம் தற்செயலா அடங்கியது, அதிர்வும் குறைஞ்சது. "பார்த்தியா, சரியாப் போச்சு" என்று தோன்றுவதற்கு அது போதும். பிறகு கேப்டன் நடந்ததை ஒருமுறை திரும்பிப் பார்க்க முயன்றார், ரேடியோவில் வந்த பேச்சு குறுக்கிட்டது. கிழக்கு மிட்லேண்ட்ஸ் விமான நிலையத்தில் இறங்கப் போகும்போது உடைந்த இன்ஜின் முழுசா செத்தது. எம்1 நெடுஞ்சாலைக் கரையில், கெக்வொர்த் ஊருக்குப் பக்கத்தில் விமானம் மோதியது. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள்.

அதனாலதான் இன்றைய பயிற்சியில் 'கண்டுபிடி' என்பதோடு நிறுத்துவதில்லை, 'உறுதி செய்' என்று இன்னொரு படி உண்டு. கால் ஒண்ணு சொல்லும். அதை விசிறியின் சுழற்சி வேகம், வெப்பநிலை, எரிபொருள் ஓட்டம், ஆயில் அழுத்தம் என்று மீட்டர்களோடு ஒப்பிடணும். வால்பக்க இன்ஜின் ஜெட்டில் திருப்பம் கம்மி என்பதால் கால் தரும் துப்பும் கம்மி, மீட்டர் பார்ப்பது இன்னும் அவசியம். பிறகு த்ராட்டிலை மெதுவா குறைத்துப் பார்க்கணும். செத்த இன்ஜினா இருந்தா எதுவும் மாறாது. இரண்டு பைலட் இருந்தா, ஒருத்தர் கை வைக்க, மற்றவர் வாய் திறந்து "ஆமா, இடதுதான்" என்று சொன்ன பிறகே மூடணும். மஸ்டாங்கையும் ஃபீனம் 100-ஐயும் ஒரே பைலட் ஓட்டலாம். அங்கே அந்த இரண்டாவது குரல் இல்லை, அதனால வேகம் இன்னும் குறையணும்.

கெக்வொர்த் விஷயத்தில் இன்னொண்ணு. வலது இன்ஜினில் கோளாறு என்று கேப்டன் மைக்கில் அறிவித்தார். இடது பக்கம் தீப்பொறி பறந்ததைப் பயணிகள் சிலரும், விமானப் பணியாளர்கள் சிலரும் பார்த்திருந்தார்கள். "அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகுது" என்ற தயக்கமோ என்னவோ, யாரும் காக்பிட்டுக்குச் சொல்லவில்லை. அந்த விபத்துக்குப் பின், பைலட்டும் கேபின் பணியாளரும் சேர்ந்து எடுக்கும் பயிற்சி வலியுறுத்தப்பட்டது. இடது, வலது என்ற ஒரு வார்த்தை கதவைத் தாண்டிப் போயிருந்தா, நல்லா ஓடிக்கொண்டிருந்த இன்ஜினைத் திரும்பக் கிளப்ப நேரம் இருந்திருக்கும்.