தக்காளியை அடுப்பில் ஏற்றாத பாஸ்தா: பலெர்மோவில் நம்மவர் பழகிய கோடைச் சமையல்

இத்தாலியின் தெற்கே இருக்கும் சிசிலித் தீவின் தலைநகர் பலெர்மோ. 1980களிலிருந்து போரினால் ஊரை விட்டுப் போன எங்கள் சனங்கள் கணிசமாக வாழும் நகரம் அது. இத்தாலியர்களின் வீடுகளில் துப்புரவு, சமையல், முதியோரைப் பராமரிப்பது என்று கிடைத்த வேலைகளைச் செய்தே பலர் தங்கள் குடும்பத்தையும் ஊரில் இருப்பவர்களையும் பார்த்து வந்திருக்கிறார்கள்.

ஆடி, ஆவணி மாதங்களில் அங்கே சில நாட்களில் வெயில் 35 பாகையைத் தாண்டும். காலையில் ஒரு வீடு, மத்தியானத்துக்கு முன் இன்னொரு வீடு என்று வேலை முடித்து வருபவருக்கு அடுப்படியில் நிற்கவே மனம் வராது. இருபது வருடத்துக்கு மேலாக அங்கே இருக்கும் எனது சின்னம்மாவிடம், அந்த நாட்களில் என்ன சமைப்பீர்கள் என்று தொலைபேசியில் கேட்டேன். "சோறு கறியெண்டா ஒரு மணித்தியாலம் நெருப்போட நிக்கவேணும். இது தண்ணி கொதிக்கிற நேரந்தான். பிள்ளையளும் வேண்டாமெண்டு சொல்லாயினம்" என்றார். வேலை செய்த வீட்டுக் குசினியில் பார்த்துப் பழகியதாம். அவர் சொன்னது, தக்காளியைச் சமைக்காமல் செய்யும் பாஸ்தா.

இதை இங்கே எழுதுவதற்கு ருசி மட்டும் காரணமல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு வடக்கில் பட்ட பாட்டை எங்கள் தாய்மார் இன்னும் மறக்கவில்லை. 2022இல் எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்றதை நாங்களே மறக்கவில்லை. எரிபொருளைக் குறைவாகக் கேட்கும் சாப்பாடு எதுவென்றாலும் எங்களுக்குப் பயன்படும். அறுவடை ஒன்றாக வந்து தக்காளி விலை விழும் கிழமைகளில் இன்னும் கூடப் பயன்படும்.

பாஸ்தா முந்தி, தக்காளி பிந்தி

இத்தாலி என்றால் தக்காளியும் பாஸ்தாவும் என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் இரண்டும் சந்தித்தது வெகு பிந்தி. பலெர்மோவுக்குக் கிட்ட உள்ள திராபியா என்ற ஊரில் கோதுமையில் உலர்ந்த பாஸ்தா செய்து கப்பலில் வெளியூர்களுக்கு அனுப்பியதை, அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி 1154இல் எழுதி முடித்த நூலில் குறிப்பிட்டிருக்கிறார். தக்காளியோ அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 16ஆம் நூற்றாண்டில்தான் ஸ்பானியர் மூலம் ஐரோப்பாவுக்கு வந்தது. எங்கள் மிளகாயும் அதே கண்டத்திலிருந்து வந்ததுதான். வந்த பொருளைத் தன் சாப்பாடாக மாற்றிக்கொள்வது எல்லா ஊர்ச் சமையலிலும் நடப்பது.

செய்முறை

நான்கு பேருக்கு 400 கிராம் பாஸ்தா, நன்றாகப் பழுத்த தக்காளி முக்கால் கிலோ, உள்ளி இரண்டு பல்லு, எண்ணெய் ஐந்து மேசைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி போதும்.

தக்காளியைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, நசித்த உள்ளி, உப்பு, எண்ணெய் சேர்த்துப் பெரிய சட்டியில் பிரட்டி, மூடி, அரை மணித்தியாலம் வையுங்கள். உப்பு தக்காளியின் நீரை வெளியே இழுக்கும். அந்தச் சாறுதான் இங்கே குழம்பு. விதையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பான பகுதியை வழித்து எறியாதீர்கள். தக்காளியின் ருசியில் பெரும் பங்கு அதில்தான் இருக்கிறது.

தக்காளி ஊறும்போதே தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலியர் கணக்கு. எரிவாயுவை மிச்சம் பிடிக்க நான்கு பேருக்கு இரண்டரை லீற்றரும் போதும். உப்பையும் அதற்கேற்றபடி குறைத்து, ஒட்டாமல் இடைக்கிடை கிண்டினால் சரி. பக்கற்றில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முந்தியே ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் சற்று உறுதி இருக்கும்போதே இறக்க வேண்டும்.

வடிக்கும் தண்ணீரில் ஒரு கோப்பை எடுத்து வையுங்கள். மா கரைந்த அந்தக் கஞ்சித் தண்ணீர்தான் எண்ணெயையும் தக்காளிச் சாறையும் பிரியவிடாமல் ஒன்றாகப் பிடித்து வைக்கிறது. சூடான பாஸ்தாவைத் தக்காளிச் சட்டியில் கொட்டி, இந்தத் தண்ணீரில் கொஞ்சம் விட்டு, ஒரு நிமிடம் நன்றாகப் பிரட்டினால் முடிந்தது. பாஸ்தாவின் சூட்டிலேயே தக்காளி இளகும். பச்சைப் பழத்தின் வாசனையும் போகாது.

எங்கள் கடையில் கிடைப்பதைக் கொண்டு

அங்கே இதற்கு பசில் என்ற இலையைக் கிள்ளிப் போடுவார்கள். எங்கள் திருநீற்றுப்பச்சிலையும் அதே இனம்தான். பலூடாவில் ஊறவிடும் கறுப்பு விதை அந்தச் செடியினுடையது. பழசாகாத விதையென்றால் ஒரு சாடியில் தூவினால் முளைக்கும். ஒலிவ் எண்ணெய் எங்கள் கைக்கு எட்டாத விலை. நல்லெண்ணெயைப் பாதியளவு விட்டால் மணம் மேலே ஏறாது.

சிசிலியின் மேற்குக் கரையில் உள்ள திராப்பானியில் உள்ளியோடு பாதாம் பருப்பையும் உரலில் இடித்துத் தக்காளியில் சேர்ப்பார்கள். பாதாமுக்குப் பதிலாக ஒரு கைப்பிடி வறுத்த கச்சான் இடித்துப் போடலாம். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் புரதமும் சேரும். சீஸ் வாங்க வசதியில்லாத சிசிலி ஏழைகள், காய்ந்த பாணை உதிர்த்து எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து மேலே தூவினார்கள். இன்றைக்கு அது ஏழைச் சாப்பாடு என்று யாரும் ஒதுக்குவதில்லை. முந்தநாள் பாண் எங்கள் வீடுகளிலும் மிஞ்சுவதுதானே.

இரண்டு விடயங்களில் கவனம் வேண்டும். தக்காளி வேகாதபடியால் கொதித்தாறிய தண்ணீரிலேயே கழுவுங்கள். அழுகல் உள்ள பழத்தை வெட்டிப் பாதியாகப் பாவிக்க வேண்டாம், முழுதாக ஒதுக்குங்கள். முழுப் பழுப்பு வராத தக்காளியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். 12 பாகைக்குக் கீழே போனால் அதன் வாசனை குறைந்துவிடும். பிரட்டிய பாஸ்தாவையும் இரவுக்கென்று வெளியே வைக்காமல் அந்த நேரமே சாப்பிட்டு முடிப்பது நல்லது.

கணக்குப் பார்த்தால், தண்ணீர் கொதித்து பாஸ்தா அவியும் நேரம் மட்டுந்தான் அடுப்பு எரிகிறது. மிச்சம் பிடித்த நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று சின்னம்மாவிடம் கேட்டேன். "பின்னேர வேலைக்கு முதல் கொஞ்சம் படுப்பன்" என்றார்.