குப்பையும் குன்றிமணியும்

ஒரு வீட்டின் குப்பையைக் கிளறினால் அந்த வீட்டாரின் வாழ்க்கையை ஊகித்துவிடலாம் என்று சொல்வதுண்டு. ஆனால் அந்தக் குப்பையே அண்டை வீட்டாருக்கு எழுதிய கடிதம் என்று யாராவது சொன்னால் நாம் நகைப்போம். நம் சரீரத்தின் உயிரணுக்களைப் பற்றி விஞ்ஞானிகள் வந்து சேர்ந்திருப்பதோ ஏறக்குறைய இத்தகைய முடிவுதான்.

1983-ஆம் ஆண்டில், கனடாவின் மெக்கில் சர்வகலாசாலையில் ரோஸ் ஜான்ஸ்டோன் என்ற அம்மையார், செம்மறியாட்டின் இளம் சிவப்பணுக்கள் முதிர்ச்சியடையும்போது, இரும்பை உள்ளே கொண்டுவர அதுவரை உதவிய புரதத்தை, இனி இது வேண்டியதில்லை என்பதுபோல, மிக நுண்ணிய கொழுப்புக் குமிழ்களில் பொதிந்து வெளியே தள்ளுவதைக் கண்டார். பிற்பாடு எக்ஸோசோம் என்று பெயர் பெற்ற இக்குமிழ்களின் குறுக்களவு 30 முதல் 150 நானோமீட்டர் வரைதான். பத்தாயிரத்தை ஒட்டி வரிசையாக வைத்தாலும் ஒரு மில்லிமீட்டரைச் சுமாராகத்தான் எட்டும். நெடுங்காலம் குப்பைப் பை என்றே கருதப்பட்ட இவற்றுக்குள் ஆர்.என்.ஏ. என்னும் செய்தி ஏடுகள் இருப்பதையும், வேறோர் உயிரணு அவற்றை வாங்கிப் படித்து அதன்படி நடப்பதையும் 2007-இல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் காட்டினர். 2011-இல் ஆக்ஸ்போர்டில், எளிதில் எதையும் உள்ளே விடாத மூளைக்குள்ளேயே, சுண்டெலிகளில், இக்குமிழ்களின் மூலம் மருந்தை அனுப்பிவிட்டார்கள்.

ஆயினும் இந்தத் தூதனிடம் ஒரு குறை உண்டு: அவன் எங்கும் தங்கமாட்டான். பிராணிகளின் ரத்தத்தில் செலுத்தினால், சில நிமிஷங்களுக்குள் பெரும்பகுதி ஈரலிலும் மண்ணீரலிலும் சிக்கி மறைந்துவிடுகிறது. நாட்கணக்கில் ஆறவேண்டிய புண்ணுக்கு நிமிஷக்கணக்கில் வந்துபோகும் வைத்தியனால் என்ன பிரயோஜனம்?

இங்கேதான் உயிர்ப்பொருள்கள் தரும் பாலிமர்கள் துணைக்கு வருகின்றன. இறாலை உரித்து ஓட்டை எறிகிறோமே, அந்த ஓட்டிலுள்ள கைட்டின் என்ற வஸ்துவைக் காரத்தில் காய்ச்சினால் கைட்டோசான் கிடைக்கிறது. லேசான அமிலத்தில் கரையும்போது இது நேர்மின்னேற்றம் பெறுகிறது. குமிழின் மேற்புறமோ எதிர்மின்னேற்றம் உடையது. ஆகவே ஒன்றையொன்று ஈர்த்துப் பிடித்துக்கொள்கின்றன. கைட்டோசானைத் தண்ணீர் நிறைந்த கூழாக்கி அதில் குமிழ்களைக் கலந்து, புண்பட்ட இடத்தில் வைத்துவிட்டால், கூழ் மெல்லக் கரையக் கரையக் குமிழ்களும் சிறுகச் சிறுக வெளிப்படும். பழுப்புக் கடற்பாசி தரும் ஆல்ஜினேட், கண்ணிலும் மூட்டிலும் இயற்கையாகவே உள்ள ஹயலுரானிக் அமிலம், பட்டுநூலின் புரதம் ஆகியவையும் இப்பணிக்கு ஆகும்.

2018-இல் சீன ஆராய்ச்சியாளர், பிரசவத்தோடு கழிந்துபோகும் நச்சுக்கொடியின் மூல உயிரணுக்களிலிருந்து எடுத்த குமிழ்களைக் கைட்டோசான் கூழில் வைத்து, ரத்த ஓட்டம் தடைப்பட்ட சுண்டெலியின் பின்னங்காலில் செலுத்தினர். தனியே செலுத்தியதைவிடக் கூழோடு சேர்ந்தவை அதிக நேரம் தங்கின. கால் தேறியதும் அதற்கேற்ப நன்றாயிருந்தது. குமிழைப் புகழ்வார் பலர். எனக்கென்னவோ அந்தப் பொறுமையான கூழின் மீதே மதிப்பு அதிகமாகிறது.

இதைக் கேட்டு யாரும் ஊசி போட்டுக்கொள்ள விரைய வேண்டாம். அங்கீகாரம் பெறாத எக்ஸோசோம் மருந்துகளால் நெப்ராஸ்கா மாகாணத்தில் நோயாளிகள் கடுமையான தீங்குக்கு ஆளானதை ஒட்டி, 2019 டிசம்பரில் அமெரிக்க அரசின் மருந்துத் துறை பொதுமக்களை எச்சரிக்க நேர்ந்தது. புவியீர்ப்பைப்போல் லட்சம் மடங்கு விசையில் சுழற்றிப் பிரித்தெடுக்கும் குமிழ்கள், பொதுவாகப் பூஜ்யத்துக்குக் கீழே 80 டிகிரிக் குளிரில் காக்கப்பட வேண்டியவை. போதாததற்கு, ஓர் உயிரணு இன்று தரும் குமிழும் நாளை தரும் குமிழும் ஒன்றல்ல. ஒரு கடலின் இறால் ஓடும் மறு கடலின் இறால் ஓடும் ஒன்றல்ல. மருந்துக்கடைக்காரரோ ஒவ்வொரு புட்டியும் முந்தைய புட்டியைப் போலவே இருக்கவேண்டும் என்கிறார்.